மியூசியத்தில் எங்கள் ஊர் அம்மன்

செங்கல்பட்டு ரயில் நிலையம். மதுராந்தகம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நானும் என் மனைவியும் சென்னைக்குப் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கிறோம். அங்கே பெரிய மியூசியத்தில் எங்கள் ஊர் அம்மன் இருக்கிறாள். ஏரியில் தூர் வாரும்போது என் கையால் தோண்டி எடுத்த ஐம்பொன் சிலை. கீழே எங்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களாம். அம்மனைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் நல்லது என்று நாள் பார்த்துக் கிளம்பியிருக்கிறோம். மனைவி கையில் எலுமிச்சம்பழ மாலை.

"எங்க பயணம் அண்ணாத்த?" என்று டீக்காரர் கேட்கிறார். சொல்கிறேன்.

"வெள்ளிக்கெயம மியூசியம் லீவாச்சே."

மனைவி நம்பவில்லை. "வெள்ளிக்கெயம போயி எந்தக் கோயிலு பூட்டிக் கெடக்கும்?"

"அது கோயிலு இல்லம்மா. மாலையெல்லாம் போட வுடமாட்டாங்க."

"நாளைக்குப் போறோம்," என்கிறேன். "இங்கதான் என் தங்கச்சி வூடு கீது."

"அங்க எத்தினியோ அம்மன் நிக்கிது. உங்களுது எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"எடது தோள்ல என் மம்முட்டி பட்ட வெட்டு கீது."

"இப்ப பெருமையா சொல்லு," என்கிறாள் மனைவி. "அன்னிக்கி கன்னத்துல போட்டுகினு அழுதது யாரு?"

டீக்காரர் சிரிக்கிறார். அழுதது நான்தான். ஆனால் அந்த வெட்டைக் காட்டி, இவள் எங்கள் ஊர்க்காரி என்று நாளைக்கு யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மாலையை வாங்கிப் பையில் வைக்கிறேன். எலுமிச்சம்பழம் ஒரு நாளில் வாடிவிடாது.