பொனற் சூடாக இருந்தது

அந்தச் சத்தம் முதலில் என் காதில் விழவில்லை, மனைவியின் காதில்தான் விழுந்தது. தை மாதக் குளிரில் ஒரு காலை நான் ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணியபோது வாசலில் நின்றவள், "உள்ளுக்க ஆரோ கரண்டியால தட்டுற மாதிரிக் கிடக்கு" என்றாள். குளிருக்கு எல்லா எஞ்சினும் கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இரண்டு நிமிடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. வாதத்தில் வென்ற திருப்தியோடு வேலைக்குப் போனேன்.

என் தொழில் மணவறை. ரொறொன்ரோவில் தமிழ்க் கலியாணங்களுக்கு மணவறை கட்டிக் கொடுத்துச் சீவிக்கிறேன். தூண்கள், மேல்விதானம், மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிற ஆசனம், முன்னுக்கு வைக்கிற இரண்டு யானைகள், எல்லாவற்றையும் ஒரு ட்ரெய்லருக்குள் அடுக்கிவிடலாம். அதை இழுப்பதற்குத்தான் பலமான வண்டி வேண்டும். பழைய வான் துருப்பிடித்து அடித்தட்டு விழுகிற நிலைக்கு வந்தபோது, மோர்னிங்சைட்டில் இருக்கும் என் நண்பன் தன் பிக்கப் ட்ரக்கை விற்கப்போவதாகச் சொன்னான்.

நண்பன் என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கள் கலியாணத்தின்போது மனைவியின் அண்ணன்மார் ஒருவரும் கனடாவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பெண்ணின் சகோதரன் செய்யவேண்டியதை இவன்தான் செய்தான். தோழனாக நின்று என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் அவன் விரலில் மோதிரம் போட்டேன். அன்றையிலிருந்து முப்பது வருடமாக அவன் எனக்கு மச்சான், அவனுடைய மகளுக்கு நான் மாமா. அவள் பிறந்த அன்றே, உன்னுடைய மணவறை என் செலவு என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லியிருந்தேன்.

ட்ரக்கைப் பார்க்கப் போனது மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை. முற்றத்தில் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். வெளியில் விற்றால் இன்னும் கூடவரும், உனக்கென்றபடியால் குறைக்கிறேன் என்றான். எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றில் சும்மா கை வைத்தேன், சூடாக இருந்தது. சற்று முன்தான் பால் வாங்கப் போய்வந்ததாகச் சொன்னான். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அந்தச் சத்தத்தில் நான் மயங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "எதுக்கும் ஒருக்கா ஆரிட்டையும் காட்டிப்போட்டு எடுங்கோவன்." நான் சீறி விழுந்தேன். மச்சானின் வண்டியை வேறொருவனிடம் கொண்டுபோய்ச் சோதிப்பது, அவன் வீட்டில் சாப்பிட இருந்துகொண்டு சோற்றை மணந்து பார்ப்பது மாதிரி. அவன் அறிந்தால் முகத்தில் எப்படி முழிப்பது? எங்கள் ஆட்கள் பலரும் இப்படித்தான். கடைக்காரன் என்றால் கத்தரிக்காயைக் கூட நசுக்கிப் பார்ப்போம், சொந்தக்காரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொடுப்போம்.

பெயர் மாற்றுவதற்கு, வண்டி ஓடத் தகுந்தது என்கிற சேஃப்ற்றி சான்றிதழ் வேண்டும். அதை எங்கள் இருவருக்கும் வழமையான, வெக்ஸ்போர்ட் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் எடுத்தேன். பிறேக், டயர், லைட் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டான் அவன். பிறகு வண்டிப் பூசைக்குக் கோயிலுக்குப் போனோம். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைக்கக் குனிந்தது மச்சான்தான். எனக்கு முதுகு வலி என்று என்னைக் குனிய விடவில்லை.

பனிக்காலம் முழுவதும் காலையில் அந்தத் தட்டல் இருந்தது. முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு தெருமுனை தாண்டும் வரை. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஷாவாவில் கலியாணம் முடித்து மணவறையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். 401 நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், ட்ரக் உதறத் தொடங்கியது. எஞ்சின் லைட் விட்டு விட்டு மினுங்கியது. காலை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் வரவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்த அடியில் உயிர் போய் வந்தது. ஒரு மாதிரி ஓரத்துக்கு எடுத்து நிறுத்திவிட்டு, இழுத்துப்போகிற வண்டி வரும்வரை யானைகளுக்குக் காவல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மெக்கானிக் கூப்பிட்டான். எஞ்சினின் மேல்பாதியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான். அது எட்டுச் சிலிண்டர் எஞ்சின். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக நான்கைத் தானே நிறுத்திவிடுமாம். எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்து, நாலு பேரைப் படுக்க விடுகிற கொம்பனி மாதிரி. வால்வுகளைத் திறப்பதற்கு ஏறி இறங்கும் விரலளவு உலோகத் துண்டுக்கு லிஃப்டர் என்று பெயர். நின்று நின்று வேலை செய்யும் சிலிண்டர்களில் இருப்பவை உள்ளுக்குள் மடங்கி விரிகிறவை. அதில் ஒன்று மடங்கியபடியே இறுகி, தன்னைத் தூக்கி இறக்கும் தண்டை அராவியிருந்தது. ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினான். உலோகத்தூள் வெயிலில் மினுங்கியது.

திருத்துவதற்கு அவன் சொன்ன தொகை நான் ட்ரக்குக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல். இந்த மொடல்களுக்கு இது வழமையான வருத்தம், பிறவி நோய் மாதிரி என்றான். வோரண்டிக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. கொம்பனிக்காரனைத் திட்டினேன், பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சொன்னவனைத் திட்டினேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பில் ஏதோ இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அண்ணை, உது இப்ப வந்த வருத்தம் இல்லை" என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. போன கோடையிலேயே மச்சான் அந்தத் தட்டலோடு வந்திருக்கிறான். லிஃப்டர் போகப்போகிறது என்று இவன் சொல்லியிருக்கிறான், செலவையும் சொல்லியிருக்கிறான். மச்சான் யோசித்துவிட்டு, சத்தம் கேளாமல் இருக்கத் தடித்த ஒயில் ஊற்றித் தரச் சொல்லியிருக்கிறான். எஞ்சின் சூடானால் தட்டல் குறையும் என்பதையும் கேட்டு அறிந்துகொண்டு போயிருக்கிறான். பால் வாங்கப் போன கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"நீங்கள் சேஃப்ற்றி மட்டுந்தானே கேட்டனீங்கள். எஞ்சின் அதில வராது" என்றான். துணியை மடித்து வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டுக்குள்ள ஒண்டு. நான் இடையில நிண்டு என்னத்தைச் சொல்லுறது அண்ணை?" என்றான்.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. நான் எந்த மரியாதைக்காகக் கேட்காமல் விட்டேனோ, அதே மரியாதைக்காக அவனும் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

மச்சானின் மகளுடைய கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கராஜ் வாசலில் நின்றபடியே அவனுக்குப் போன் எடுத்தேன். ட்ரக் வழியில் நின்றுவிட்டது, எஞ்சின் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவனே சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மெஷின்தானே மச்சான், ஆர் என்ன செய்யிறது" என்றான். பிறகு, "அப்ப மணவறை வருந்தானே?" என்றான்.

"வரும்" என்றேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "என்ர தமையனா எல்லோ நிண்டவர்" என்று மட்டும் சொன்னாள். கலியாணத்துக்குப் போவதில்லை என்று நான் குதித்தேன். பிள்ளை என்ன பிழை செய்தவள் என்று கேட்டு அவள் என் வாயை அடைத்தாள். நியாயம்தான், ஆனால் அந்த மூன்று கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாடகைக்கு ஒரு பெரிய வான் எடுத்தேன். காலை முகூர்த்தம். விடியவே மண்டபத்துக்குப் போய், என்னிடம் இருந்ததில் ஆகத் திறமானதைக் கட்டினேன். ஒரு தூண் சரியவில்லை, ஒரு பூ வாடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பெண் என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்து, மணவறை வடிவு மாமா என்றாள். எனக்குக் கண் கலங்கியது. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாசமும் இருந்தது.

அந்த மண்டபத்தில் பின்னேரம் வேறு யாருக்கோ விழா. மூன்று மணிக்கெல்லாம் கழற்றி எடுக்க வேண்டும். சனம் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருக்க, நான் விதானத்தை இறக்கினேன். மச்சான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தான். ஆசனம் பாரமானது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் குனிந்தோம். அவனுடைய விரலில் நான் போட்ட மோதிரம் இருந்தது. அதைக் கண்டதும் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"தடிச்ச ஒயில் ஊத்தினது ஆர் மச்சான்?"

அவன் நிமிரவில்லை. ஆசனத்தின் செதுக்கலைப் பார்த்துக்கொண்டே நின்றான். கலியாணச் செலவு தலைக்கு மேல் போய்விட்டது, கையில் இருந்ததை விற்காமல் வேறு வழியில்லை என்றான். அதை நான் தாங்கியிருப்பேன். அப்படியென்றால் இன்னொருவனுக்கு விற்றிருக்கலாமே, ஏன் எனக்கு என்று கேட்டேன்.

"வெளியாள் எண்டால் செக் பண்ணியெல்லோ எடுப்பான்" என்றான்.

பொய் சொல்லத் தெரியாதவன் மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். முப்பது வருடத்தில் அவன் என்னைப் பற்றி அறிந்து வைத்திருந்தது அதுதான். நான் பார்க்கமாட்டேன், கேட்கமாட்டேன். அதை நம்பித்தான் விற்றிருக்கிறான்.

"கையை எடு" என்றேன். அவன் எடுத்தான். மண்டபத்தில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்த வேலையாள் ஒருவனைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். எந்த நாட்டவனோ, அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மச்சான் நின்ற இடத்தில் அவன் வந்து குனிந்தான். தூக்குவதற்கு முன், ஆசனத்தின் இடப்பக்கக் கால் கொஞ்சம் ஆடும், பார்த்துப் பிடி என்று அவனுக்குச் சொன்னேன்.