மேலே போன கைப்பிடி

குளியலறை எடைக் கருவியின் மேல், ஓர் அலமாரிக் கதவை மார்போடு அணைத்தபடி நிற்கிறார் கெல்வின் பிராடக். முள்ளை அவரால் பார்க்க முடியாது, கதவு மறைக்கிறது. மனைவி மெர்ல்தான் குனிந்து படித்துச் சொல்ல வேண்டும். பிறகு கதவை இறக்கிவிட்டு அவர் மட்டும் ஏறுவார். கழித்தால் வருவது கதவின் எடை.

"கைப்பிடி மாட்டித்தானே நிறுக்கறே?"

"கைப்பிடி இல்லாம நிறுத்தா அது கதவா மெர்ல், வெறும் பலகை."

கதவை மேல்நோக்கித் திறக்கவைக்கிற தூக்குக் கரத்தின் சுருள்வில் எடைக்குப் பொருந்தாவிட்டால் கதவு மண்டையில் விழும். இல்லையென்றால் கையைப் பிடுங்கிக்கொண்டு மேலே பாயும். லான்செஸ்டனில் சமையலறை கட்டுகிற எவரும் இதில் அலமாரித் தச்சர் கெல்வினோடு வாதாடுவதில்லை. உயரமான கதவா, நடுவில் மடிந்து ஏறட்டும். மேலே இன்னோர் அலமாரியா, அதன் முன்னால் நேராக எழும்பட்டும் என்பார். அதற்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு. "வீட்லயே குட்டையான ஆள் யாரு? வெக்கப்படாம வாங்க!" என்று கூப்பிட்டு, சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனியில் பென்சிலால் கோடு போடுவார். திறந்த கதவின் கைப்பிடி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பாதி ஊர்ப் பெண்களின் கை எட்டும் தூரம் அவருக்கு மனப்பாடம்.

சொந்த வீட்டு அலமாரிக்குத்தான் வருஷக்கணக்காகக் கதவே இல்லை. உறைபனி மூடிய படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து மெர்லுடைய வலது தோள் மேலே எழும்புவதில்லை. கோப்பைகளில் தூசி படிந்தாலும் யாரையும் கூப்பிடாமல் இடது கையால் எடுத்துக்கொண்டாள். கதவு கேட்டபோது, மடிகிற கதவாக வேண்டும் என்றுதான் கேட்டாள்.

எடை போட்ட அந்தக் கதவு ஞாயிறு மத்தியானம் ஏறிவிட்டது. ஒரே பலகை.

"ஒத்த விரல் போதும், செல்லம். தள்ளிப் பாரு."

தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் எழும்பி, விளக்குக்கும் மேலே போய் நின்றது. அழகாகத்தான் இருந்தது. மெர்ல் குதிகாலை உயர்த்தி இடது கையை நீட்டினாள். கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு ரொட்டி நிற்க வைக்கலாம்.

"மடியிற கதவுதானே கேட்டேன்?"

"மடிஞ்சா குறுக்க கோடு விழும். மரத்தோட ரேகை வெட்டுப்படும். பாவமில்லையா?"

"ரேகைக்குப் பாவம் பாத்தியே. இத நான் எப்படி மூடறது?"

"ஒரு குரல் குடு, வந்து மூடிட்டுப் போறேன்."

"நீ வாரம் பூரா டெவன்போர்ட்ல வேல பாப்பே. நான் இங்கேருந்து கத்தணுமா?" மெர்லுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். "ஊர்ல எவ கையெல்லாமோ குறிச்சியே கெல்வின், என் கைய ஒரு தடவ தூக்கச் சொன்னியா?"

அவர் கதவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தித் தருவியா, மாட்டியா?"

கெல்வின் எட்டி, கைப்பிடியில் படிந்திருந்த தன் விரல் தடத்தைச் சட்டைக் கையால் பதமாகத் துடைத்தார். திருப்புளியை எடுத்துப் கால்சட்டைப் பின்பையில் செருகிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார். மெர்லுடைய கைக்கு எட்டாமல் கதவு திறந்தே நின்றது.