பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், தாயில்பட்டிப் பக்கம் பதினாறு ஷெட் போட்டுப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஆனேன். எந்த அதிகாரி முன்னாலும் கைகட்டி நின்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

பெண்கள் ஷெட்டில் ஒரு திருநங்கை வேலை பார்த்தாள். அவள் வேகத்துக்குத் திரி சொருக ஆளில்லை. ஆனால் ஆதாரில் ஆண் என்று இருந்தது. சோதனைக்கு வந்தால் வம்பு, ஆண்கள் வெடிமருந்து கலக்கும் அறைக்கு அனுப்பிவிடலாம் என்றார் கணக்கர். அவள் அழுதாள்.

“கலெக்டர் ஆபீசுல கார்டு வாங்கிட்டு வா. இங்கனயே இருக்கலாம்” என்று வாக்குக் கொடுத்தேன்.

எட்டு மாதம் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து கார்டோடு வந்தாள். திருநங்கை என்று அரசாங்கமே அச்சடித்திருந்தது. ஷெட்டில் பெண்கள் குலவையிட்டார்கள்.

கணக்கர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். “ஆண், பெண்ணுன்னு ரெண்டு கட்டந்தான இருக்கு. இவள எதுல எழுத மொதலாளி?”

எனக்குச் சோதனைக்கு வரும் ஜீப்தான் கண்ணில் நின்றது. “மருந்து ரூமுக்கே போ” என்றேன்.

“அம்புட்டுப் பேரையும் அதட்டுறீக, ஒரு நோட்டுக்குப் போயி பயப்படுறீகளே!” என்று சிரித்தாள். அன்று வேலையை விட்டுப் போனவள் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

அவள் உட்கார்ந்த பலகையில் பெண்கள் யாரையும் உட்காரவிடுவதில்லை. அந்த நோட்டில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு கிழித்திருக்கலாம். இன்றுவரை அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. பதிவேட்டில் இப்போதும் இரண்டு கட்டந்தான்.