பெரியக்கா தராசில் ஏறிய நாள்

மாடிப்படியின் திருப்பத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறாள் பெரியக்கா. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும், தலைமுடியை வலைக்குள் எப்படி அடக்க வேண்டும், கையை எத்தனை நொடி கழுவ வேண்டும் என்று மூன்றே தாள்கள்தாம் அதில் உண்டு. நான்கு ஆண்டுகளாக அவை மாறவில்லை. ஆயினும் காலையில் ஒரு முறையும் சாப்பாட்டு வேளைக்குப் பின் ஒரு முறையும் வரி விடாமல் படிக்கிறாள். பதினெட்டுப் படி ஏறியதும் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். படிப்பதுபோல் நின்றால், மூச்சு வாங்குவது பிறர் கண்ணில் படாது.

"என்னக்கா, பரீட்சையா?" என்று கேட்டுக்கொண்டே பெண்கள் கடந்துபோவார்கள்.

"ஆமாண்டி, இந்தத் தடவையாவது பாஸ் பண்ணணுமே" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு மேலேறிய பிறகே அடுத்த படியில் கால் வைப்பாள்.

பிஸ்கட் ஆலையின் பொதிகட்டும் கூடத்தில் அவளுக்கு வழங்கும் பெயர் பெரியக்கா. வயதால் வந்த பெயர் அன்று, முப்பத்தொன்றுதான் ஆகிறது. உருவத்தால் வந்தது என்பது அழைக்கிறவர்களுக்கும் தெரியும், திரும்பிப் பார்க்கிறவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கை வேகத்துக்கு அந்தக் கூடத்தில் இணை கிடையாது. ஓடும் பட்டையில் உடைந்த பிஸ்கட் வந்தால், கண் காணும் முன்பே விரல் அதைப் பொறுக்கித் தொட்டியில் போட்டுவிடும். சனிக்கிழமை மாலைகளில் அந்த உடைசலை ஆளுக்கொரு பையாகக் கொடுத்தனுப்புவார்கள். வேண்டாம் என்பவர்களின் பங்கும் பெரியக்காவின் கைக்கே வந்து சேரும். "பிள்ளைக்குப் பிடிக்கும்" என்று யாரும் கேட்காமலே சொல்லி வாங்கிக்கொள்வாள்.

சாப்பாட்டு அறையில் அவள் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். இரண்டு துண்டு ரொட்டியும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரும்தான் அவளுடைய மதிய உணவு. அதைக்கூட முதுகை வளைத்து, கையால் மறைத்து, திருட்டுப் பண்டம்போல விழுங்குவாள். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். பக்கத்திலிருப்பவர் நகர்ந்து கொடுக்கும்போது விடும் பெருமூச்சை அவளால் தாங்க முடியாது. இன்னொரு பழக்கமும் உண்டு. குளிர்பதன அறையிலிருந்து பனிக்கட்டித் துண்டுகளை ஒரு குவளையில் எடுத்துவந்து, நாள் முழுவதும் கடகடவென்று கடித்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஐஸ் கடிக்கலேன்னா கை ஓடாது எனக்கு" என்பாள்.

வீட்டில் இரண்டரை வயது மகள் இருக்கிறாள். சிட்டு என்பது செல்லப் பெயர். உருவமும் அதற்குத் தக்கதே. லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் இரண்டு நாள்தான் வீடு தங்குவான். விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும் நாத்தனார் உடன் இருக்கிறாள். மூங்கில் கழிபோல மெலிந்தவள். அவளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் விடுதியிலேயே. பெரியக்கா வேலை முடிந்து வந்தால், அடுப்பைப் பற்றவைக்க உடம்பு இடம் கொடாது. தேநீரில் உடைசலை ஊறவைத்து மகளுக்கு ஒரு கிண்ணம், தனக்கு ஒரு கிண்ணம். ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் வயிறு நிறைந்துவிடும். ஒரே பையிலிருந்து தின்றும், தாய் ஊதிக்கொண்டே போனாள். பிள்ளை வற்றிக்கொண்டே வந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் வரிசையில் அவள் நின்றிருந்தாள். பின்னாலிருந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"தாயைப் பாரு, பிள்ளையைப் பாரு. பிள்ளை பங்கும் சேந்து அங்கதான் போகுது போல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் சிட்டுவை நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினாள்.

அங்கே ஒரு முறை உண்டு. குழந்தை தராசில் தனியே நிற்காமல் அழுதால், தாய் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பிறகு தாய் மட்டும் ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிள்ளையின் எடை. நர்ஸ் உரக்கச் சொல்ல, மேசையில் இருக்கும் பெண் எழுதிக்கொள்வாள். நான்கு மாதம் நாத்தனார் ஏறி இறங்கினாள். அப்போது புதிதாக வந்திருந்த நர்ஸ் அவளைத்தான் தாய் என்று எண்ணி எடை அட்டையில் எழுதவைத்தாள், அவளும் மறுக்கவில்லை. விரலில் குத்தி இரத்தமும் பார்த்தார்கள்.

"அண்ணி, ரத்தம் பன்னெண்டு, நல்லா இருக்காம். ஆனா ரொம்ப ஒல்லியாம். உங்களுக்கு வரவேண்டிய சத்துமாவு எனக்கு வந்திருச்சு!" என்று டப்பாவை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள் நாத்தனார். பெரியக்காவும் சிரித்தாள். உடனே நாத்தனார் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அட்டையில சிட்டோட எடை மஞ்சக் கோட்டுக்கு வந்துருச்சு அண்ணி. சிவப்புக்குப் போனா ஆஸ்பத்திரியில சேக்கணும்னு சொல்றாங்க. அடுத்த தடவை எனக்குக் காலை வேலை. நீங்கதான் போகணும்" என்றாள்.

போன மாதம் பெரியக்கா போனாள். வாசல் வரை போனாள். உள்ளே வரிசையைக் கண்டதும் கால் நகரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, "கூட்டம் தாங்கல" என்றாள். அந்த மாதத்துக்கான கட்டம் அட்டையில் வெறுமையாகவே நின்றது. அதன்பின் சிட்டுவின் முடி செம்பட்டை பாய்ந்தது. ஒரு நாள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாள்.

இந்த மாதம் அவள் உள்ளே வந்துவிட்டாள்.

"அம்மா வரலையா? நீங்க யாரு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பக்கத்து வீடுங்க. அவங்க வேலைக்குப் போயிருக்காங்க."

சொல்லி முடித்தபோதுதான் தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று அவளுக்கே உறைத்தது. திருத்தத் துணிவு வரவில்லை.

"சரி, இவ தனியா நிக்கமாட்டா, தெரியும். தூக்கிட்டு ஏறுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். "தொண்ணூத்தாறரை" என்று நர்ஸ் உரக்கச் சொன்னாள். எங்கோ ஒரு கனைப்பு எழுந்து அடங்கியது. பிள்ளையை விசிப்பலகையில் இறக்கிவிட்டு, அவள் மீண்டும் தனியே ஏறி நின்றாள். அப்போது சிட்டு இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வீரிட்டாள்.

"அம்மா! அம்மா, தூக்கு!"

வரிசை முழுவதும் பேச்சு நின்றது. சிரித்திருந்தாலும் தேவலை, யாரும் சிரிக்கவில்லை. உடல் பெருத்ததற்காக இத்தனை நாள் கூனிக் குறுகியவள், அந்தக் கணத்தில் உடலையே மறந்துபோனாள். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொன்ன வாயைத்தான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

நர்ஸ் அட்டையைப் புரட்டினாள். "அப்ப இத்தனை நாளா வந்தவங்க?"

"என் நாத்தனாருங்க. அவ தூக்கிட்டு வந்தா யாரும் ஒண்ணும் பேசமாட்டாங்கன்னு..."

"போன மாசம்?"

"வந்தேம்மா. வாசல் வரைக்கும்."

நர்ஸ் திட்டவில்லை. தராசைக் குனிந்து பார்த்து, மேசைப் பக்கம் நடந்துபோய் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். எழுதும் பெண், "எவ்வளவு? கேக்கல" என்றாள்.

"எண்பத்தெட்டு" என்றாள் பெரியக்கா. குனிந்த தலை நிமிரவில்லை. குரல் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. "என் எடை எண்பத்தெட்டு. எழுதிக்கோம்மா."

சிட்டு எட்டரை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே. பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்த நர்ஸ், பாதியில் எழுந்துவந்து பெரியக்காவின் விரலைப் பிடித்துக் குத்தினாள். கருவியைப் பார்த்தாள், அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"ஏழுதான் இருக்கு. ஐஸ் கடிக்கிற பழக்கம் உண்டா?"

பெரியக்கா திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தம் கொறைஞ்சா சில பேருக்கு அப்படித்தான் கேக்கும். படி ஏறினா மூச்சு வாங்குமே?"

அறிவிப்புப் பலகையின் மூன்று தாள்களும் அவள் கண்முன் வந்து நின்றன.

"ரெண்டு பேரும் என்னம்மா சாப்பிடுறீங்க?"

"பிஸ்கட்டுங்க. உடைசல்."

"பிள்ளைக்கு?"

"அதேதாங்க."

நர்ஸ் கடிதத்தை எழுதி முடித்து அவள் கையில் கொடுத்தாள். "இன்னிக்கே சேக்கணும். நீங்களும் கூடத் தங்கணும். உங்களுக்கும் மருந்து எழுதியிருக்கேன்" என்றாள். அலமாரியிலிருந்து அவித்த முட்டைகள் இரண்டை எடுத்துவந்தாள். ஒன்றைச் சிட்டுவின் கையில் வைத்தாள். மற்றொன்றைப் பெரியக்கா வாங்கி, உரித்து, பாதியைப் பிய்த்து மகளிடம் நீட்டினாள்.

"அவளுக்குக் குடுத்தாச்சு. இது உங்களுது. இங்கேயே சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

பெரியக்கா விசிப்பலகையில் உட்கார்ந்தாள். பழக்கத்தால் உடம்பு தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிற்று. பாதியிலேயே திரும்புவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மெல்லத் திரும்பி, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் எதிரே வைத்துக்கொண்டு, கையால் மறைக்காமல், முட்டையைக் கடித்தாள்.