ஜுரம் இல்லாத குழந்தை

காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே ஓ.பி. வரிசையிலிருந்து எழுந்து போனால், புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பிள்ளைகளே, முதலில் அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுப் பாருங்கள். இதை நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் சரவணன்.

பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குத் தறி நெய்யும் குடும்பம். அம்மா தேவி மறுபடி உண்டானதும் பால் நின்று, பையன் சவலை பாய்ந்து எலும்பும் தோலுமாக இருந்தான். காய்ச்சல் என்று கொண்டுவந்தவள் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டாள்.

"ஜுரம் வுட்டுடுச்சு சிஸ்டர். ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. தறில பொடவ பாதில நிக்குது, போயிட்டு வரோம்."

தொட்டேன். கால் மட்டுமல்ல, வயிறும் சில்லிட்டிருந்தது. தட்டியும் கண் திறக்கவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறினால் ஊட்டமான பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும். சவலைப் பிள்ளைக்குப் பல நேரம் கொதிக்கவும் தெம்பு இருக்காது. குளிர்ந்து போய்விடும்.

"எங்கயும் போவக் கூடாது. புள்ளயக் குடும்மா" என்றேன்.

அப்பா முருகன் முறைத்தார். "ஜுரம் அடிக்கசொல்ல லைன்ல உக்கார வெச்சீங்க. நல்லானப்புறம் ஊசியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே சுருக்கென்றது. ஆனால் வழியை விடவில்லை. "என்னத் திட்டிக்கினே வாங்கண்ணா. ஆனா வார்டுக்கு வாங்க."

சுகர் இறங்கியிருந்தது. மூக்கு டியூப் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அந்தக் குச்சிக் கையில் ஊசி ஏற்ற வெயின் கிடைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"என்ன கிருமின்னு பாக்க கல்ச்சருக்கு ரத்தம் எடுத்ததும் ஆன்டிபயாடிக் போட்டுருங்க சிஸ்டர். ரிப்போர்ட் வரும்போது வரட்டும்" என்றார் டாக்டரம்மா.

சூடு கொடுக்கும் வார்மர் எல்லாவற்றிலும் பச்சைக் குழந்தைகள். முருகனைச் சட்டை கழற்றச் சொல்லி, வெற்று மார்பில் பையனைச் சாய்த்துப் போர்வையால் சுற்றினேன்.

"பொழச்சிக்குவானாம்மா?" என்றார். குரலில் கோபம் போயிருந்தது.

"சூட்ட நீங்க பாத்துக்குங்க. மிச்சத்துக்கு நாங்க இருக்கோம்."

சில நாள் இழுபறிதான். மருந்தை ஒரு வேளையும் தவற விடவில்லை. பிறகு ஒரு காலை, பையன் மூக்கு டியூபைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு வீரிட்டான். தேவி பதறினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பல மாதம் கழித்து, தேவி ஓ.பி. வரிசையைத் தாண்டி ஓடி வந்தாள். இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை. பின்னால் அதன் தாய் மூச்சிரைக்க வந்தாள்.

"இவ வேணான்னுதான் சொன்னா சிஸ்டர். நான்தான் புடுங்கிக்கினு வந்தேன். புள்ளைக்கு ஜுரமே இல்ல!"