ஒரு மூட்டு மேலே

அந்தச் சனிக்கிழமை டென்மார்க்கில், பிராண்டே வீட்டு ஹோலில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், தேத்தண்ணி குடிக்க வந்த சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். எனக்குப் பிசியோதெரபி படிப்பித்த ஆசிரியை இருக்கவில்லை. இருந்திருந்தால் அப்பாவின் சாரத்தைத் தொடைவரை உயர்த்தச் சொல்லியிருப்பார்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். இடது முழங்காலும் தொடையின் முன்பக்கமும் நோகிறது என்று கார்ப்பெற்றில் படுத்தார். நான் முழங்காலை மடக்கினேன், நீட்டினேன், முழங்கால் சிரட்டையைச் சுற்றி அமர்த்திப் பார்த்தேன். எங்கும் அவர் முகம் சுளிக்கவில்லை.

நோகிற மூட்டுக்குக் கீழ் மூட்டையும் மேல் மூட்டையும் பார்க்கவேண்டும். முதல் வருடத்திலேயே படித்தது. கணுக்காலைப் பார்த்தேன். மேலே இடுப்பு மூட்டு. தொடையை வயிற்றுவரை மடக்கி உள்பக்கம் திருப்ப வேண்டும், கவட்டில் விரல் வைக்க வேண்டும். அப்பா சாரத்தை இரண்டு முழங்காலுக்கும் இடையில் செருகி வைத்திருந்தார். அதை உயர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முழங்கால்தான்" என்றேன்.

இனி டொக்டர்மார் கடையைப் பூட்டலாம் என்றார் சித்தப்பா.

சுவரில் முதுகு சாய்த்து, கதிரை இல்லாமல் கதிரையில் இருப்பதுபோல் நிற்கும் பயிற்சியைக் கொடுத்தேன். அப்பா அதை வேலையிடத்து இடைவேளையிலும் செய்தார். யார் கேட்டாலும் மகன் பார்த்தது என்றார். குடும்ப டொக்டரிடம் காசில்லாமலே போகலாம், போகமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் படிக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்க, ஒவ்வொரு கிழமையும் கூடுதலாக நொண்டியபடி கதவைத் திறந்தார். ஒருமுறை, நான் பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"நீ தந்ததை நான் வடிவாச் செய்யேல்லை. பிழை என்னிலதான்."

அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

மாரியில் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும் அப்பாவுக்கு முன்னால் அம்மா நிலத்தில் குந்தியிருந்து அவருடைய இடதுகால் சொக்சைப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதிருந்து என்று கேட்டேன். கோடையிலிருந்தே என்றார். இடுப்பு மூட்டு திரும்பாதவருக்குக் கை பாதத்துக்கு எட்டாது. சோதனையில் நானே எழுதி நல்ல புள்ளி வாங்கிய விடை.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும் என்பதால் சில்க்போர்க் நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தவர் டேனிஷ் பெண், என் வயதுதான் இருக்கும். கால்சட்டையைக் கழற்றச் சொன்னார். அப்பா கூச்சமில்லாமல் பெல்டில் கை வைத்து, என்னைப் பார்த்து, "நீ அங்கால திரும்பு" என்றார்.

கதவைப் பார்த்தபடி மொழிபெயர்த்தேன். கட்டில் கிறீச்சிட்டது. தொடையை மடக்குகிறார், இப்போது உள்பக்கம் திருப்புகிறார் என்று தெரிந்தது. அப்பாவின் மூச்சு நின்றது. பிறகு, அவரிடம் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு சின்ன முனகல்.

இடுப்பு மூட்டு தேய்ந்திருக்க வேண்டும், முழங்காலில் ஒன்றுமில்லை, டொக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே படம் எடுங்கள் என்றார் அந்தப் பெண். இதற்கு முன் யாராவது பார்த்தார்களா என்றும் கேட்டார்.

"சொல்லு, மகன் பாத்தவன் எண்டு" என்றார் அப்பா.

ஒருவரும் பார்க்கவில்லை என்று டேனிஷில் சொன்னேன்.

அந்த ஒரு வரி விளங்கும் அளவுக்கு அப்பாவுக்கு டேனிஷ் தெரியும். கால்சட்டையைப் போட்டார். குனிந்து நானே சொக்சைப் போட்டுவிட்டேன் என்று எழுத ஆசை; அவர் காலை இழுத்துக்கொண்டார், வெறுங்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்தார்.

காசு கட்டும் இடத்தில் என் கார்ட்டை நீட்டினேன். அவர் அதைத் தட்டிவிட்டார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு சொன்னனி. அப்ப இதை நான்தானே கட்டவேணும்."

அறுநூற்று முப்பது குரோனர்.