சுவரைத் தொடாமல் எழுந்திருத்தல்

ஜமக்காளத்தின் இரண்டு முனைகளை மாளவிகா பிடித்திருந்தாள். மற்ற இரண்டும் அப்பா குமாரசாமியின் கையில். நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் அவர் இருந்த அபார்ட்மென்டில் பால்கனியிலிருந்து எதையும் உதறக் கூடாது என்று விதி. ஆகவே கீழே பார்க்கிங் லாட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு கார்களுக்கு நடுவில் நின்று உதறினார்கள். பிப்ரவரிக் குளிர் காதைக் கடித்தது.

"இழுத்துப் புடி அம்மணி. பருக்கையெல்லாம் எம்மேலதான் விழுகுது."

"ஐ ஆம் ஃப்ரீஸிங் அப்பா. சீக்கிரம் மடிங்க."

"மொதல்ல ரண்டா, அப்பறம் நாலா. நீ மூணா மடிக்கற. வெளிய போய் இன்ஜினியர்னு சொல்லிக்காத."

"ஸ்பெக் எழுதிக் குடுங்க, ஃபாலோ பண்றேன்."

அவர் தன் பக்கத்து முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் சேர்த்தார். மடிப்பைத் தட்டிவிட்டார். வேலை முடிந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை, கடைக்குப் போகக் காரில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவே இல்லை. மாரடைப்பு. அறுபத்தொன்பது வயது.

அந்த ஜமக்காளம் படுப்பதற்கோ விருந்துக்கோ வாங்கியது அல்ல, பரீட்சைக்கு வாங்கியது. என்ன பரீட்சை என்று சொல்வதானால் குமாரசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பவானிக்காரர். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தார். மாளவிகாவுக்கு நான்கு வயதாகும்போது நியூ ஜெர்சிக்கு வந்து, ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தண்ணீர்ப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். ஊர் அறிய எதுவும் சாதிக்கவில்லை. மனைவி சாந்தி புற்றுநோயில் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் உட்காருவதை நிறுத்திவிட்டார். அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே, தட்டைக் கையில் ஏந்தி, ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடிப்பார். மாளவிகா ஜெர்சி சிட்டியிலிருந்து ஞாயிறுதோறும் வருவாள். மற்ற ஆறு நாளும் அப்படித்தான்.

தொழிற்சாலையில் அவருடன் ஒரே ஷிப்டில் இருந்தவர் ஆசாத். குர்து இனத்தவர். ஈராக்கின் வடக்கே, மலைக்குள் இருக்கும் கானி ஸ்பீ என்ற கிராமத்தில் அவருடைய சித்தி நஸ்ரீன் இருந்தாள். ஆசாத் ஊருக்குப் போகும்போது குமாரசாமியையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது நாள் அந்த வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியவரை நூவர்க் விமான நிலையத்தில் மாளவிகா அழைக்கப் போனாள். மலை எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டாள். அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"ஒம்பது நாளும் ஒரு வேளைகூடத் தனியாச் சாப்புடல அம்மணி."

அங்கே தரையில் துணி விரித்து, வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விருந்தாளி எழுந்தால்தான் வீட்டார் எழுவார்கள். ரொட்டி, தயிர், திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைத்த டோல்மா. அப்புறம் தேநீர், இன்னொரு தேநீர், பேச்சு. பாஷை தெரியாமலே பேச்சு.

அடுத்த வருஷங்களில் அவர் தனியாகப் போகவில்லை. பிளெய்ன்ஸ்பரோ, எடிசன் பக்கத்துத் தமிழர்களில் விருப்பப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டார். வேலை ஓய்வு, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் என்று இருந்தவர்களே அதிகம். நஸ்ரீன் வீட்டில் உபரியாக நான்கு மெத்தைகள்தான் மடித்து அடுக்கியிருக்கும். ஆகவே அவரையும் சேர்த்து நான்கு பேர், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. பத்து நாளுக்குக் குறைந்தால் வர வேண்டாம். மூன்று நாள் போகும்வரை கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. தங்குவதற்கான பணம் நஸ்ரீன் கையில் நேராகப் போக வேண்டும், நடுவில் ஆள் கிடையாது. கடைசியாக, ரைஸ் குக்கர் கொண்டுவரக் கூடாது.

இந்தக் கடைசி விதி முதல் வருஷத்து அனுபவம். எடிசன் ஆன்ட்டி ஒருவர், அங்கே சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்டிக்குள் ஒரு சின்ன குக்கரும் புளிக்காய்ச்சலும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த குக்கர்; அங்கே அதைப்போல் இரண்டு மடங்கு வோல்டேஜ். வீட்டுக்கு வருவதோ தெரு ஜெனரேட்டரிலிருந்து மூன்றே ஆம்பியர். செருகியதும் குக்கர் புகைந்தது, வீடு இருண்டது. காலையிலிருந்து டோல்மா சுருட்டிய நஸ்ரீன் கையில் விளக்கோடு வந்து, கருகிய குக்கரையும் உள்ளே இருந்த அரிசியையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம் என்றார் குமாரசாமி.

ஆனால் அவர் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தது பரீட்சையைத்தான். வர விரும்புகிறவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். ஜமக்காளத்தில் உட்கார வைப்பார். சாப்பாடு, மூன்று தேநீர், ஒன்றரை மணி நேரம். முடிவில் சுவரையோ சோபாவையோ தொடாமல் எழுந்திருக்க வேண்டும். தொட்டால் அடுத்த வருஷம்.

"இது என்னப்பா டெஸ்ட்? ஆர்த்தோ டாக்டர் மாதிரி," என்று மாளவிகா கேட்டிருக்கிறாள். அவள் இன்சுலின் பம்ப் செய்யும் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். பாஸ், ஃபெயில் அவள் தொழில்.

"நாம முட்டி வலிக்குதுன்னு ஒரு சேர் கேட்டம்னா, அந்தம்மா நாலு வீட்ல எரவல் வாங்கிட்டு வரும். நாம மேல உக்காந்திருப்போம், அவங்க கீழ உக்காந்திருப்பாங்க. அன்னைக்கே அது வீடு இல்ல, ஹோட்டல்."

"சரி, எனக்கு வைங்க."

இருபது நிமிஷத்தில் அவள் கால் மரத்துப்போனது. நாற்பதாவது நிமிஷம் சோபாவைப் பிடித்தாள். முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருஷமாக நாற்காலியில் வேலை.

"ஃபெயில்," என்றார், பாயசத்தை நீட்டியபடி.

"சொந்தப் பொண்ணுப்பா!"

"சொந்தப் பொண்ணுனு முட்டிக்குத் தெரியுமா?"

இந்த ஏப்ரல் பயணத்துக்கு அவர் பரீட்சையில் தேறியவர்கள் மூன்று பேர். நஞ்சப்பனும் அவர் மனைவியும், அதிதி என்ற பல் மருத்துவரும். நான்காவது இடம் அவருடையது. அவர் இறந்து இருபது நாள் ஆனதும் நஞ்சப்பன் மாளவிகாவுக்குப் போன் செய்தார்.

"கேக்கறதுக்கே சங்கடமா இருக்குதுங்க. ஏப்ரல்ல போறமா, இல்லீங்களா? எங்க வீட்ல ரண்டு பேரும் தெனமும் முட்டிக்கு எண்ண தேச்சுட்டிருக்கறம்."

மாளவிகா ஆசாத்திடம் கேட்டாள். அவர் இன்னொன்றையும் சொன்னார். நஸ்ரீனின் மூத்த மகன் அவளை நகரத்துக்கு வந்துவிடும்படி நச்சரிக்கிறான். வசந்தத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள், வீட்டைப் பூட்ட முடியாது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சமாளிக்கிறாள். இந்த வருஷம் யாரும் போகாவிட்டால் அவளிடம் சொல்ல எதுவும் இருக்காது.

அந்த வாரமே ராமசுப்ரமணியன் அங்கிள் வந்தார். கோவில் கமிட்டியில் இருப்பவர், வருஷம் இரண்டு முறை சுற்றுலாக் கூட்டம் கூட்டிக்கொண்டு போகிறவர். நல்ல மனிதர்; துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து சமையலுக்கு ஏற்பாடு செய்தவர்.

"பாரும்மா மாளவிகா, உங்கப்பா பண்ணினது பெரிய விஷயம். ஆனா ஸ்கேல் ஆகாது, நாலு பேரோட நின்னுடும். என்கிட்ட இருபத்திரண்டு பேர் ரெடி. எர்பில் சிட்டில ஹோட்டல், ஏசி பஸ். ஒரு நாள் அந்த வில்லேஜ்ல லஞ்ச், ரெண்டு மணி நேரம். ஃபோல்டிங் சேர் நாமளே எடுத்துண்டு போயிடலாம். அந்தம்மாவுக்கும் நல்ல வருமானம். உங்கப்பா பேரையே வெச்சுடறேன். குமாரசாமி மெமோரியல் டூர்."

"அப்பாவுக்கு பஸ்ல ஏறினா வாந்தி வரும் அங்கிள்."

அவர் சிரித்துவிட்டார். அவளும். மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லும்மா. டிக்கெட் பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்."

அவர் போன பிறகு மாளவிகா யோசித்தாள். அவர் கணக்கில் தப்பு எதுவும் தென்படவில்லை. சரி என்றால் நஸ்ரீன் வீடு ஒரு மதியச் சாப்பாட்டு நிறுத்தம். மாட்டேன் என்றால், கூட்டிப்போக ஆள் இல்லாமல் நான்கு மெத்தையும் மடித்தபடியே கிடக்கும். இதைத் தீர்மானிக்க வேண்டியவள் தான் அல்ல என்று அவளுக்குப் பட்டது. வீடு யாருடையதோ அவரைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடியோ அழைப்பு. அங்கே மாலை நான்கு. நஸ்ரீனின் இளைய மருமகள் ஷ்னோ கிராமத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவள்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். நஸ்ரீன் கண்ணை அகல விரித்துத் திரைக்கு வெகு பக்கத்தில் வந்தாள். மாளவிகா பேச வாயெடுக்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு நாள் துக்கம் வெச்சோம்னு சொல்றாங்க," என்றாள் ஷ்னோ. "எங்க வழக்கம் அது. வர்றவங்களுக்கெல்லாம் தேநீர் குடுக்கணும். கிளாஸ் பத்தாம பக்கத்து ஊர்ல வாங்கினோம். உங்கப்பா பேரை யாரும் சரியாச் சொல்லல. கோமார்னுதான் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாதே," என்றாள் மாளவிகா. "யாரும் சொல்லலயே."

"யாராவது செத்தா செய்யறதுதானே. இதைப் போய்ச் சொல்லணுமானு கேக்கறாங்க."

மாளவிகா சற்று நேரம் கேமராவை அணைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு இருபத்திரண்டு பேர் விஷயத்தைச் சொன்னாள். பஸ், இரண்டு மணி நேரம், நாற்காலி, வருமானம், எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நஸ்ரீன் முழுவதும் கேட்டாள். ஷ்னோவிடம் நீளமாகப் பேசினாள்.

"கல்யாணத்துக்கு இருநூறு பேருக்குச் சமைச்சிருக்காங்களாம், இருபத்திரண்டெல்லாம் ஒண்ணுமில்ல. ஜூன்ல வரட்டும், பள்ளிக்கூடத்துல உக்காரட்டும், ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் சேந்து சமைப்பாங்க. ஆனா ஏப்ரல்ல வீட்டுக்கு ஆள் வரணும். நாலு பேர். பேர் தெரிஞ்ச நாலு பேர்."

"மூணு பேர்தான் இருக்காங்க. எனக்கு வழிகூடத் தெரியாது. அதோட நான் அப்பாவோட டெஸ்ட்ல ஃபெயில்."

என்ன டெஸ்ட் என்று ஷ்னோ கேட்டாள். மாளவிகா விளக்கினாள்: ஜமக்காளம், ஒன்றரை மணி நேரம், சுவரைத் தொடாமல் எழுவது. ஷ்னோ மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நஸ்ரீன் தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் திரையை விட்டே போய்விட்டாள். திரும்பி வந்து, முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு, நடுக்கூடத்துத் தூணைக் காட்டினாள். மரத்தூண். இடுப்பு உயரத்தில் ஓரிடம் மட்டும் கைபட்டு மினுமினுத்தது.

"கோமார் ஒரு நாள்கூட இதைப் பிடிக்காம எழுந்ததில்லையாம்," என்றாள் ஷ்னோ. "முதல் வருஷம் தூண் பத்தல. என் மாமனார் கை குடுத்துத் தூக்கிவிட்டார்."

மாளவிகா தரையில் உட்கார்ந்திருந்தாள், லேப்டாப்பைக் காலி சோபாவில் வைத்துக்கொண்டு. அப்பாவை நினைத்துக்கொண்டாள். திருட்டு ஆசாமி. ஒன்றரை மணி நேரமும் எதிரில் கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார். கடைசியில் உட்கார்ந்தபடியே தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் போகும்வரை எழுந்திருக்கவே மாட்டார். அது ஏன் என்று அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை.

"நான் வரேன்," என்றாள்.

ராமசுப்ரமணியன் அங்கிளிடம் அன்றே பேசினாள். ஜூன், பள்ளிக்கூடம் என்றதும் அவர் கொஞ்சம் முனகினார்.

"அப்போ சேர்?"

"அங்க பென்ச் இருக்காம் அங்கிள்."

"அப்ப ஓகேம்மா."

நஞ்சப்பனுக்கு விஷயம் சொன்னபோது, பின்னால் அவர் மனைவி யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது: "எண்ண வீணாப் போகல!"

ஞாயிற்றுக்கிழமை ஷ்னோவிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுக்கு வெளியே கை கழுவும் இடத்துக் குழாய். போன ஏப்ரலில் குமாரசாமி அமெரிக்காவிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்த் தன் கையால் மாட்டியது. அன்றிலிருந்து சொட்டுகிறது என்று எழுதியிருந்தாள். ஊரில் குழாய் வேலை தெரிந்த ஆள் இருக்கிறான். ஆனால் கோமார் மாட்டியதை கோமார்தான் சரிசெய்ய வேண்டும் என்று நஸ்ரீன் யாரையும் தொட விடுவதில்லை. கீழே பானை வைத்திருந்தாள். நிரம்பி வழிகிற இடத்தில் புதினா அடர்த்தியாக முளைத்திருந்தது.

மாளவிகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்தது. அமெரிக்கக் குழாயின் திருகுமரையும் அங்குள்ள குழாயின் மரையும் வேறு. அரை அங்குலத்தில் இரண்டும் அநேகமாக ஒன்றுபோலவே ஏறும், ஏறி இறுகியதுபோல் இருக்கும், ஆனால் கசியும். அப்பாவுக்கு இது தெரியாமல் இராது. கசிவை அடைக்கும் வெள்ளை டேப்பைக் கனமாக, பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். அது தெரிந்தவன் செய்கிற வேலை.

ஷ்னோவிடம் கேட்டாள். ஆமாம், மாட்டிய அன்றே தப்பு என்று சொல்லிவிட்டாராம். மலைக்குக் கீழே ஒரு மணி நேரத்தில் கடைவீதி. போகும் வழியில் சரியான குழாயை வாங்கி, டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா திரும்பக் கிளம்பியிருக்கிறார். வழியெல்லாம் பேசிக்கொண்டே போயிருப்பார். அந்தப் பேச்சில் கார் கடைவீதியில் நிற்கவில்லை.